சாலட்டில் சுண்டலைக் காணோமே!

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு வயது 33. புக்கிட் மெர்தாஜாமில் வீடு, பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை. கல்யாணமாகி நான்கு வருடம் ஆகிறது. ஒன்றரை வருடமாகக் குழந்தைக்காகக் காத்திருக்கிறோம். எனக்கு பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) என்று சொல்லி மெட்ஃபோர்மின் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மாதவிடாய் 40, 50 நாளுக்கு ஒருமுறைதான் வருகிறது. எடை 74 கிலோ. இரண்டு மாதமாக மதியச் சோற்றை நிறுத்திவிட்டு லெட்டூஸ், வெள்ளரி, கேரட் போட்ட சாலட்தான் சாப்பிடுகிறேன். மேலே பாட்டில் சாஸ். நாலு மணி ஆனால் பசி தாங்க முடியவில்லை, கேன்டீனில் கறிபாப்பும் தே தாரிக்கும் சாப்பிட்டுவிடுகிறேன். ஒரு வீடியோவில் மாதத்தின் முதல் பாதியில் ஆளி விதை, பிற்பாதியில் எள் சாப்பிட்டால் ஹார்மோன் சரியாகும் என்றார்கள். டோஃபு, தெம்பே போன்ற சோயாப் பொருள்கள் பக்கமே போகக்கூடாது என்றும் சொன்னார்கள். என் மாமியாரோ பச்சைக் காய்கறி கர்ப்பப்பைக்குக் குளிர்ச்சி, தொடவே கூடாது என்கிறார். கருத்தரிப்புக்கு உதவும் சாலட்டை எப்படிச் செய்வது? பெயர் வேண்டாம்.

பதில்: அன்பு சகோதரி, உங்கள் சாலட்டில் சாப்பாடு இல்லை. முதலில் அதைச் சரி செய்வோம். மற்றதெல்லாம் அப்புறம்.

லெட்டூஸும் வெள்ளரியும் பெரும்பாலும் தண்ணீர்தான். ஒரு பெரிய கிண்ணம் நிறையச் சாப்பிட்டாலும் புரதம் இரண்டு மூன்று கிராம் தேறினால் அதிகம். வயிறு நிறைந்த மாதிரி இருக்கும், இரண்டு மணி நேரத்தில் காலியாகிவிடும். நாலு மணிக்குக் கறிபாப்பைத் தேடிப் போனதற்காக உங்களை நீங்கள் திட்டிக்கொள்ள வேண்டாம். மதியம் கொடுக்காததை உடம்பு சாயங்காலம் கேட்டு வாங்கிக்கொள்கிறது. சோற்றை விட்டதில் மிச்சமான மாவுச்சத்து, மைதாவும் கெட்டிப்பாலுமாகத் திரும்பி வந்துவிட்டது.

பிசிஓஎஸ் உள்ள பலருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. அதனால் உடம்பு அதை அதிகமாகச் சுரக்கிறது. அந்த அதிகப்படி இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டுகிறது. இன்னொரு பக்கம், ஆண் ஹார்மோனைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒரு புரதத்தை ஈரல் குறைவாகவே தயாரிக்கும்படி செய்கிறது. இரண்டும் சேர்ந்தால் கருமுட்டைகள் பாதி வளர்ச்சியிலேயே நின்றுவிடும், மாதவிடாய் தள்ளிப் போகும். மெட்ஃபோர்மின் கொடுப்பதும் இந்த இன்சுலின் பிரச்சினைக்காகத்தான். மதியச் சாப்பாட்டால் ஆகக்கூடியதும் இதுவே: சர்க்கரை சட்டென்று ஏறாமல் நிதானமாக ஏறினால் இன்சுலினும் அளவோடு சுரக்கும். வீடியோக்களில் வரும் 'ஹார்மோன் பேலன்ஸ்' என்பதில் உணவைப் பொறுத்தவரை உண்மையான பங்கு இவ்வளவுதான். இதற்கு மேல் ஒருவர் வாக்குக் கொடுத்தால் கடைசியில் ஒரு பவுடரை விற்பார், பாருங்கள்.

அதற்கென்று தனியாக ஒரு மந்திர உணவுமுறையும் கிடையாது. பிசிஓஎஸ் பற்றி 2023இல் வெளிவந்த சர்வதேச மருத்துவ வழிகாட்டி, ஒரு உணவுமுறை மற்றதைவிடச் சிறந்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை என்கிறது. இதை நல்ல செய்தியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கேலும் கீன்வாவும் அவகாடோவும் தேடி இறக்குமதிக் கடைக்குப் போக வேண்டாம். உங்கள் வீட்டுப் பக்கத்துக் காலைச் சந்தையே போதும்.

சரி, கிண்ணத்துக்கு வருவோம். நம் சுகாதார அமைச்சு சொல்லும் 'சூக்கு சூக்கு செபாரு' தெரியும்தானே? தட்டில் கால் பங்கு சோறு போன்றவை, கால் பங்கு புரதம், பாதி காய்கறியும் பழமும். அந்தத் தட்டையே கிண்ணத்தில் கொட்டிக் கலந்தால் அதுதான் உங்கள் சாலட்.

நான் சுண்டலில் இருந்து தொடங்குவேன். வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கப்பில் ஏறக்குறைய 14 கிராம் புரதமும் 12 கிராம் நார்ச்சத்தும் உண்டு. ஃபோலேட், இரும்புச்சத்து இரண்டுமே அதில் தாராளம். அதோடு ஒரு அவித்த முட்டை சேர்த்தால் புரதம் 20 கிராமைத் தொட்டுவிடும். கடலையிலேயே மாவுச்சத்து இருப்பதால் அன்றைக்குச் சோறு தேவையில்லை. சோறு இல்லாமல் மனசு கேட்காது என்றால் கடலையை அரை கப்பாக்கி, அரை கப் சோற்றை அடியில் போடுங்கள். பாஸ்மதியோ பழுப்பரிசியோ நல்லது. காய்கறியையும் முட்டையையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்குப் போனால் சர்க்கரை ஏறும் வேகம் குறையும்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை கப் காய்ந்த கடலையை இரவு ஊறவைத்துக் குக்கரில் வேகவைத்தால் நான்கு கப் கிடைக்கும். மூன்று நாளுக்கானதைக் குளிர்பெட்டியில் வையுங்கள், மீதியைப் பங்கு பிரித்து ஃபிரீசரில் போடுங்கள். டின் கடலை வாங்கினாலும் குற்றமில்லை, உப்புத் தண்ணீரை வடித்துவிட்டு நன்றாக அலசினால் போதும். ஒரே கடலை அலுத்துப் போகும். ஒரு நாள் பச்சைப்பயறு, ஒரு நாள் தட்டைப்பயறு என்று மாற்றுங்கள். ஒரு எச்சரிக்கை: மெட்ஃபோர்மின் ஏற்கெனவே சிலருக்கு வயிற்றைக் கலக்கும். முதல் நாளே ஒரு கப் கடலை சாப்பிட்டுவிட்டு அலுவலகத்தில் அவஸ்தைப்பட வேண்டாம். கால் கப்பில் தொடங்கி இரண்டு வாரத்தில் மெல்லக் கூட்டுங்கள்.

காய்கறிக்கு நம் ஊரில் பஞ்சமா? மலாய்க்காரர்கள் உலாம் என்று தினமும் சோற்றோடு வைத்துக்கொள்வதெல்லாம் சாலட்தானே. வல்லாரை, உலாம் ராஜா, சிறகவரை, பயத்தங்காய் எல்லாம் ஒரு கட்டு வாங்கினால் இரண்டு நாளுக்கு வரும். பயத்தங்காயையும் கங்கோங் கீரையையும் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து உடனே குளிர்ந்த தண்ணீரில் போட்டால் நிறமும் நறுக்கென்ற பதமும் அப்படியே இருக்கும். நெடுநேரம் வேகவிட்டுத் தண்ணீரைக் கொட்டினால் ஃபோலேட்டில் பாதி வடிதண்ணீரோடு போய்விடும். செங்குவாங் கிழங்கை விரல் நீளத்துக்கு நறுக்கிச் சேர்த்தால் மொறுமொறுப்புக்கு வேறெதுவும் வேண்டாம். புங்கா கந்தான் என்ற இஞ்சிப் பூ கிடைத்தால் மெல்லிசாக ஒரு இதழ் சீவிப் போடுங்கள், அலுவலகமே எட்டிப் பார்க்கும்.

பாட்டில் சாஸைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். அதில் எண்ணெய், சர்க்கரை, உப்பைத் தவிரச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. அதற்காக எண்ணெயே இல்லாமல் சாப்பிடவும் வேண்டாம். கேரட், கீரையில் உள்ள சில சத்துகள் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் சேரும். ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயில் கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கடலை மேல் கொட்டுங்கள். ஒரு மேசைக்கரண்டி தேங்காய்த் துருவல், கொஞ்சம் மிளகு. சாப்பிடும் நேரத்தில் இரண்டு லீமாவ் கஸ்தூரி (சின்ன எலுமிச்சை) பிழிந்துகொள்ளுங்கள். கடலையிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து சுலபமாக உடம்பில் சேராது, புளிப்பில் வரும் வைட்டமின் சி அதற்குக் கைகொடுக்கும். கடைசியில் அரைக் கொய்யாப்பழம் சாப்பிட்டால் இன்னும் நல்லது. தேநீர் இதற்கு நேர் எதிர், இரும்பை உடம்பில் சேர விடாது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள், அதுவும் பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங்காக. கெட்டிப்பால் தே தாரிக்கை வாரத்துக்கு ஒன்று இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அறவே விடச் சொன்னால் நீங்கள் என் பேச்சைக் கேட்கமாட்டீர்கள்.

உங்கள் மாமியார் சொன்ன குளிர்ச்சி விஷயம். பச்சைக் காய்கறியால் கர்ப்பப்பை குளிர்ந்து கரு நிற்காமல் போகும் என்பதற்கு மருத்துவத்தில் ஆதாரம் இல்லை. ஆனால் இதற்காக வீட்டில் வாக்குவாதம் எதற்கு? நான் மேலே சொன்னதில் கடலை வெந்தது, கீரை வெந்நீரில் வாட்டியது, மேலே கடுகும் மிளகும் தாளித்தது. நவராத்திரிக்கு அவரே செய்யும் சுண்டலில் காய்கறியைக் கூட்டியிருக்கிறோம், அவ்வளவுதான். வாரத்தில் இரண்டு நாள் சுண்டலை அவரையே செய்யச் சொல்லுங்கள். குளிர்ச்சிப் பேச்சு தானாக நின்றுவிடும் என்று நினைக்கிறேன். அவர் பயத்தில் ஒரு பாதி நியாயமும் உண்டு. சரியாகக் கழுவாத பச்சை இலையிலும், பச்சைத் தவ்கேயிலும் (முளைப்பயறு) கிருமி இருக்கலாம். கருத்தரித்திருப்பது தெரியாத நாட்களிலும் அது ஆபத்துதான். தவ்கேயை எப்போதும் வேகவைத்தே சேருங்கள். இலைகளை ஓடும் தண்ணீரில் ஒவ்வொன்றாகக் கழுவுங்கள். காலையில் ஆறு மணிக்குக் கட்டிய டப்பாவைப் பகல் ஒரு மணி வரை பையில் வைத்திருந்தால் நம் ஊர் வெயிலில் முட்டை என்ன ஆகும்? அலுவலகக் குளிர்பெட்டியில் வையுங்கள். பினாங்குப் பாலத்தில் நெரிசலில் மாட்டிக்கொள்ளும் நேரத்துக்கு ஒரு ஐஸ் பையும் கூடவே இருக்கட்டும்.

பப்பாளியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் மாமியார் அடுத்து அதைத்தான் எடுப்பார். நன்றாகப் பழுத்த பப்பாளியைத் தாராளமாகச் சாப்பிடலாம். பால் வடியும் காயை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

டோஃபுவும் தெம்பேவும் தடை இல்லை. சோயாவில் ஈஸ்ட்ரோஜனைப் போன்ற ஒரு தாவரப் பொருள் இருப்பது உண்மை. ஆனால் சாப்பாட்டில் சேர்த்துக்கொள்ளும் அளவுக்கு அது கருத்தரிப்பைக் கெடுப்பதாகத் தெரியவில்லை. அமெரிக்காவில் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட தாதியரை எட்டு ஆண்டுகள் கவனித்து 2007இல் வெளியான ஆய்வில், விலங்குப் புரதத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகத் தாவரப் புரதம் சாப்பிட்டவர்களுக்குக் கருமுட்டை வெளியாகாததால் வரும் கருத்தரிப்புச் சிக்கல் குறைவாக இருந்தது. வனஸ்பதி வகைக் கொழுப்பை அதிகம் சாப்பிட்டவர்களுக்கு அது கூடுதலாக இருந்தது. கவனித்துப் பார்த்த ஆய்வுதான், தெம்பேயால் குழந்தை பிறந்தது என்று அதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. ஆனாலும் தெம்பேவைக் கண்டு ஓட வேண்டியதில்லை. நாலு துண்டை அரைத் தேக்கரண்டி எண்ணெயில் மஞ்சள் தடவி வாட்டிச் சாலட்டில் போடுங்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் அதையும் சோயாவையும் ஒரே நேரத்தில் சேர்க்காமல் இடைவெளி விடுங்கள்.

விதைகளை மாதத்தின் முதல் பாதி, பிற்பாதி என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுவதற்கு நம்பத்தக்க சான்று இல்லை. 50 நாள் சுற்று உள்ள உங்களுக்கு எது முதல் பாதி, எது பிற்பாதி என்று யார் சொல்வது? ஆளி விதையோ வறுத்த எள்ளோ, கையில் இருப்பதை நாளைக்கு ஒரு மேசைக்கரண்டி தூவுங்கள். நாள்காட்டியைப் பார்க்க வேண்டாம். காச்சிப் பாத்திமா போன்ற மூலிகை மாத்திரைகளை யாராவது அன்போடு கொண்டுவந்து கொடுத்தால், குழந்தைக்கு முயலும் காலத்தில் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். கிண்ணத்தில் போடும் ஒரு கைப்பிடி வல்லாரைக்கு இந்தக் கவலை வேண்டாம், மாத்திரையாக அடைத்து விற்பதைப் பற்றித்தான் சொல்கிறேன்.

முட்டை ஒரு நாள் என்றால் மீன் ஒரு நாள். கெம்போங் (கானாங்கெளுத்தி) மீனைவிட நல்லது வெளிநாட்டு சால்மன்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒமேகா 3 நம் கெம்போங்கிலும் மத்தியிலும் நன்றாகவே இருக்கிறது, விலையோ எவ்வளவோ குறைவு. முதல் நாள் இரவு கொஞ்சமாக எண்ணெய் விட்டுப் பொரித்ததை முள் எடுத்து உதிர்த்துச் சாலட்டில் கலந்துவிடலாம். சுறா போன்ற பெரிய மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும், இப்போதிருந்தே தவிர்த்துவிடுங்கள். செவ்வாய், வெள்ளி சைவம் என்றால் டோஃபுவும் தயிரும். மெட்ஃபோர்மினை நீண்ட நாள் சாப்பிட்டால் உடம்பில் வைட்டமின் பி12 குறையக்கூடும் என்பதால் முட்டை, மீன், பால் ஆகிய மூன்றையும் ஒரேயடியாக ஒதுக்கிவிடாதீர்கள்.

வெள்ளிக்கிழமை அலுவலகத் தோழிகளோடு வெளியே போகத்தான் செய்வீர்கள். பினாங்கில் இருந்துகொண்டு பசெம்போரை விட முடியுமா? உண்மையில் அதுவும் சாலட்தான். செங்குவாங், வெள்ளரி, டோஃபு, முட்டை எல்லாம் நமக்கு வேண்டியவையே. வில்லன்கள் இரண்டு பேர்: பொரித்த மாவுப் பலகாரங்களும், மேலே ஊற்றும் இனிப்புக் குழம்பும். காயும் முட்டையும் டோஃபுவும் அதிகமாக, பலகாரம் ஒரே ஒன்று, குழம்பை 'குவா ஆசிங்' (தனியாக) என்று கேட்டு வாங்கி இரண்டு கரண்டி மட்டும் ஊற்றிக்கொள்ளுங்கள். நாசி கண்டார் கடை என்றால் பாதிச் சோறு, வெண்டைக்காய், முட்டை அல்லது ஒரு துண்டு மீன் போதும். குழம்பைச் சோறு மூழ்க ஊற்றி 'பன்ஜிர்' ஆக்கச் சொல்லாதீர்கள். சாப்பிட்டதும் வெயிலுக்குப் பயந்து உட்கார்ந்துவிடாமல் கட்டடத்துக்குள்ளேயே பத்து நிமிடம் நடந்துவிட்டு வந்தாலும் சர்க்கரைக்கு நல்லது.

எடையைப் பற்றி நீங்களே எழுதியிருப்பதால் சொல்கிறேன். எடை கூடுதலாக உள்ள பிசிஓஎஸ் பெண்களில் பலருக்கு 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே மாதவிடாய் சீராகத் தொடங்குவதுண்டு. உங்கள் 74 கிலோவுக்கு 5 சதவீதம் என்பது நான்கு கிலோகூட இல்லை. அதற்காகப் பட்டினி கிடக்க வேண்டியதே இல்லை. நாலு மணி கறிபாப் போனாலே பாதி வேலை முடிந்துவிடும். அந்த நேரத்துக்கு ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ ஒரு கிண்ணம் இனிப்பில்லாத தயிரோ கையில் வைத்திருங்கள்.

இப்போது சாலட்டால் முடியாத விஷயங்கள். முதலாவது ஃபோலிக் அமிலம். கீரையிலும் கடலையிலும் எவ்வளவு இருந்தாலும் மாத்திரைக்கு அது மாற்று இல்லை. குழந்தைக்கு முயலும் பெண்களுக்குத் தினம் 400 மைக்ரோகிராம் என்பது பொது அளவு. உங்கள் எடையையும் உங்களுக்கு நீரிழிவு இருக்கிறதா என்பதையும் பார்த்து மருத்துவர் 5 மில்லிகிராம் கொடுக்கலாம். குழந்தையின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாகும் நரம்புக் குழல், கருத்தரித்து 28 நாளுக்குள் மூடிவிடும். மாதவிடாய் ஒழுங்காக வருகிறவர்களுக்கே கருத்தரித்தது தெரிவதற்குள் பாதி நாள் போய்விடும். 50 நாளுக்கு ஒருமுறை வரும் உங்களுக்குத் தெரியவரும்போது அந்த 28 நாள் கடந்தே போயிருக்கலாம். நீங்கள் கடிதத்தில் இந்த மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. இன்னும் தொடங்கவில்லை என்றால் இந்த வாரமே கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையம்) கேளுங்கள். கர்ப்பத்துக்கு முந்தைய ஆலோசனையும் அங்கே உண்டு.

இரண்டாவது, உங்கள் கணவர். கடிதம் முழுக்க உங்கள் உடம்பைப் பற்றித்தான் இருக்கிறது. அவருக்கு விந்துப் பரிசோதனை செய்தார்களா? கருத்தரிப்பு தள்ளிப் போகும் தம்பதியரில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கத்திலும் ஒரு காரணம் இருக்கிறது. இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளிக்குப் பிறகு ஒரு மாதிரி கொடுப்பதோடு முடிந்துவிடும் சாதாரணப் பரிசோதனை அது. பிசிஓஎஸ் இருப்பது தெரிந்துவிட்டதாலேயே அதைச் செய்யாமல் விட்டுவிடுகிற குடும்பங்கள் நிறைய. விந்தணு உருவாகி முடிய இரண்டரை மாதம் ஆகும். அதனால் அவர் இன்று சிகரெட்டை நிறுத்தினால் பலன் தெரிய மூன்று மாதம் பிடிக்கும். சுண்டல் டப்பாவை இரண்டாகக் கட்டுங்கள், ஒன்று அவருக்கு.

மூன்றாவது, காலம். இந்தச் சாப்பாட்டின் பலனை மூன்று மாதம் பார்க்கலாம், ஆனால் பரிசோதனைகளை அதற்காகத் தள்ளிப் போடாதீர்கள். 35 வயதுக்குள் உள்ளவர்கள் ஒரு வருடம் முயன்ற பிறகு மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பது பொது விதி. மாதவிடாய் இவ்வளவு தள்ளி வருகிறவர்கள் அந்த ஒரு வருடம்கூடக் காத்திருக்கத் தேவையில்லை, நீங்களோ ஒன்றரை வருடம் காத்திருந்துவிட்டீர்கள். கருமுட்டை வெளியாகாத பிசிஓஎஸ்ஸுக்கு இப்போது முதலில் கொடுக்கும் மாத்திரை லெட்ரோசோல். மெட்ஃபோர்மின் மட்டும் போதுமா, அதுவும் தேவைப்படுமா என்று நேரடியாகக் கேளுங்கள். அரசு மருத்துவமனையின் மகப்பேறு பிரிவுக்குக் கிளினிக் கெசிஹாத்தானிலேயே கடிதம் வாங்கலாம். எல்பிபிகேஎன் என்ற தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம் நடத்தும் நூர் செஜாத்ரா கிளினிக்குகளிலும் தம்பதியருக்கான கருத்தரிப்பு ஆலோசனை உண்டு.

போகும்போது கடந்த ஆறு மாத மாதவிடாய்த் தேதிகளை எழுதி எடுத்துப் போங்கள். 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சர்க்கரைப் பரிசோதனை, தைராய்டு, இரத்தத்தில் இரும்பு, பி12 ஆகியவற்றைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். கணவரையும் உடன் அழைத்துப் போனால் அவருடைய பரிசோதனைக்கான சீட்டையும் அன்றைக்கே வாங்கிவிடலாம்.